மாசிப் பனியும் எங்கள் வீட்டு மச்சும்

2023ஆம் ஆண்டு தை மாதம். விடிய ஐந்து மணி இருக்கும், அம்மா என் காம்பராக் கதவைத் தட்டினார்.

"புள்ள, வீடு ஒழுகுது."

வெளியே மழை இல்லை. பத்து நாளாக ஒரு சொட்டு விழவில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது, நட்சத்திரம் எல்லாம் தெரிந்தது. ஆனால் அம்மாவின் தலையணை நனைந்திருந்தது, நெற்றியிலும் ஒரு சொட்டு. போன் லைட்டை மேலே அடித்துப் பார்த்தேன். தகரத்தின் ஒவ்வொரு நெளியிலும் வரிசையாக நீர்முத்துகள். ஆணி இருக்கும் இடங்களில் முத்து பெருத்துத் தொங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கழன்று விழுந்தது.

"மேசன் ஏமாத்திட்டான்" என்றார் அம்மா. மேசன் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தம்பிதான்.

மாமா ஏமாற்றவில்லை. கூரையில் ஓட்டையும் இல்லை. அந்தத் தண்ணீர் எங்களுடையதுதான். நாங்கள் நான்கு பேர் இரவு முழுக்க விட்ட மூச்சும், ராத்திரிச் சோற்றுப் பானையின் ஆவியும், குசினிக்குள் கொடியில் போட்ட ஈர உடுப்புமாகச் சேர்ந்து, மேலே போய், சில்லிட்ட தகரத்தில் முட்டித் தண்ணீராகித் திரும்பி வந்திருந்தது. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கரும்பலகையில் தெரியும். என் வீட்டுக் கூரையில் தெரியவில்லை.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று ஒரு பழமொழி உண்டு. தமிழ்நாட்டுச் சமவெளியில் பிறந்த பழமொழி அது. இலங்கை மலைநாட்டில் இருக்கிற எங்கள் நானுஓயாப் பக்கத்துக்கு அதை இன்னும் கொஞ்சம் உரமாகவே சொல்லலாம். பக்கத்தில் நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். பழமொழி சொன்னவர் யாரோ, மச்சை மறக்காமல் சொல்லியிருக்கிறார். குளிர் விவகாரத்தில் முதல் குற்றவாளி மச்சுதான், அதாவது தலைக்கு மேலே இருக்கிற கூரை.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது 2018இல். அதுவரை அம்மா லயத்தில்தான், தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில் ஒரு பக்கம் மறைத்து அடுப்பு. ஏழு பேர். புது வீட்டில் மூன்று காம்பரா, சீமெந்துக் கல் சுவர், தரைக்கு வெள்ளை டைல்ஸ், எரிவாயு அடுப்பு. குடிவந்து ஒரு மாதத்தில் அம்மா சொன்னார்: "லயத்துல இப்புடிக் குளிரலயே."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடம் சீட்டுப் பிடித்து, கடன் வாங்கிக் கட்டிய வீடு. பழகின இடத்து ஏக்கம், வயதாகிறது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாதச் சொட்டுக்குப் பிறகுதான் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை அனுமதி கேட்டு எடுத்து வந்தேன். ஒன்று வாசல் மரத்தில், ஒன்று அம்மாவின் கட்டில் தலைமாட்டில். ஒரு வாரம் காலை ஐந்து மணிக்குக் குறித்தேன். சராசரியாக வெளியே 9 பாகை செல்சியஸ், உள்ளே பதினொன்றரை. கதவு, ஜன்னல், சுவர், கூரை, இவ்வளவையும் கட்டி நாங்கள் வாங்கியிருந்தது வெறும் இரண்டரைப் பாகை.

அப்புறம் எங்கள் பழைய லயத்துக்குப் போனேன். அதில் இப்போது சித்தி குடும்பம் இருக்கிறது. ஒரு வெப்பமானியை அங்கே வைத்துவிட்டு வந்தேன். காலையில் சித்தி போனில் வாசித்துச் சொன்னார்: "பதினாலு காட்டுது." அம்மா சொன்னது சரி.

ஏன் என்று யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக விளங்குகிறது. லயத்துக் காம்பராவுக்கு இடம், வலம் இரண்டு பக்கமும் அடுத்த வீடு. இரட்டை லயம் என்றால் முதுகுப் பக்கமும் வீடுதான். அதாவது வெளிக் காற்றுப் படுகிற சுவர் ஒன்றோ இரண்டோ மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பு மூட்டினால் நம் சுவரும் வாங்கிக்கொள்ளும். தனி வீட்டுக்கு நான்கு சுவரும் வெளி. அடுத்தது ஆட்கள். சும்மா படுத்துக் கிடக்கிற ஓர் ஆள் 80 வாட் அளவுக்குச் சூடு விடுகிறார். ஏழு பேர் என்றால் ஐந்நூறு வாட்டுக்கு மேல். சின்ன ஹீட்டர் ஒன்று இராத்திரி முழுக்க ஓடுகிற மாதிரி, அதுவும் ஒரே அறைக்குள். மூன்றாவது அடுப்பு. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளையான மிளாறு எரிந்து கங்கானால் சாம்பல் மூடினபடியே விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். பழைய லயங்களின் கருங்கல் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்திருந்து மெதுவாக விடும்.

நான்காவதாக ஒன்று, அது எங்கள் வீட்டுக் கதை. அம்மாயி கோதுமை மா வந்த துணிச் சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இறக்கி விரித்துக் கட்டியிருந்தார். அதற்குத் "தட்டு" என்று பெயர். தூசி விழாமல் இருக்க என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சுவரில் கோதுமை மாப் பசை காய்ச்சிப் பழைய பேப்பர் ஒட்டுவதும் அவர் வேலைதான். தீபாவளிக்குத் தீபாவளி புதிதாக ஒரு படை. கீழே உள்ளதை உரிக்கமாட்டார். இருபது வருடத்துத் தீபாவளி அந்தச் சுவரில் அட்டை மாதிரி ஏறியிருந்தது. தட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் அசையாத காற்று, பேப்பர் படைகளுக்கு நடுவில் அசையாத காற்று. அம்மாயி எட்டிப் பார்க்காத பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம் அதுதான்.

இதைப் படித்துவிட்டு "ஆஹா, லய வாழ்க்கையே சொர்க்கம்" என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அந்தப் புகையில்தான் அம்மாவின் மூச்சு இளைப்பு வந்தது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையே எரியும். பொம்பளைப் பிள்ளை உடுப்பு மாற்ற இடம் கிடையாது. லயத்தை விட்டு வரத்தான் வேண்டும். வரும்போது அங்கே இருந்த கதகதப்பை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டோம், அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அப்பாவோடு ஒருமுறை, வெள்ளைக்காரர்கள் தோட்டத் துரைக்குக் கட்டிய பங்களாவுக்குள் போயிருக்கிறேன். அப்பாவுக்கு அங்கே தோட்ட வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால், தரை குளிரவில்லை. பலகைத் தரை. தலைக்கு மேலே பலகைத் தட்டு. நடுச் சுவரில் கணப்பு. ஜன்னலுக்குத் தரைதொடும் கனத்த திரை. குளிர் நாட்டிலிருந்து வந்தவர்கள், குளிருக்கு வீடு கட்டத் தெரிந்து கட்டியிருக்கிறார்கள். அதே ஆட்கள் அதே மலையில் தொழிலாளிக்குக் கட்டிக் கொடுத்தது சீலிங் இல்லாத தகரக் கொட்டகை. ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்டது முதல் இன்றுவரை, ஒரே குளிரில் இரண்டு வகை வீடு.

இப்போது தொழிலாளிகளுக்குத் தனி வீடு கட்டுகிறார்கள். 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணி, 550 சதுர அடி வீடு. இந்திய உதவியில் 4,000 வீடு, அப்புறம் 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தார். நல்ல காரியம், தாமதமான காரியம். ஆனால் நான் சொந்தபந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தவரை பலவற்றில் சீலிங் கிடையாது. வீட்டுக்குள் நின்று அண்ணாந்தால் கூரைத் தகடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சமவெளியில் அது காற்றோட்டம். எங்களுக்கு அது ஊசி. நம் நாட்டில் வீட்டுப் படம் கீறுகிறவர்கள் மனதில் கொழும்பு வெயில்தான் இருக்கிறது. நாங்களும் அதே படத்தைப் பார்த்துத்தான் கட்டினோம். மாமா கட்டியதும் சிலாபத்துப் பக்கம் வேலை செய்த ஞாபகத்தில்தான்.

சரி, குளிர்கிறது என்றால் என்ன செய்வோம்? ஹீட்டர் வாங்குவோம். 2019இல் நாங்களும் வாங்கினோம், 2,000 வாட். கணக்கு எளிது. ஒரு மணித்தியாலத்துக்கு 2 யூனிட். இராத்திரி நாலு மணித்தியாலம் போட்டால் 8, மாதத்துக்கு 240. அவ்வளவு போடத் துணிச்சல் வரவில்லை. அம்மாவின் அறையில் மட்டும் இரண்டு மணித்தியாலம் போடுவோம். நிறுத்திய கால் மணித்தியாலத்தில் அறை பழையபடி. அம்மா அதற்கு வைத்த பெயர் "ஓட்டை வாளி". ஓட்டை வாளியில் தண்ணி அள்ளி ஊத்திக்கொண்டிருக்கிறோம் என்பார். அதைவிடச் சரியாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

அப்புறம் 2022 வந்தது, பொருளாதார நெருக்கடியோடு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எரிவாயுவும் இல்லை, எல்லோரும் விறகுக்குத் திரும்பினோம். அந்த ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 சதவீதம். இங்கே கட்டணம் படிக்கட்டு மாதிரி. மாதத்துக்கு 60 யூனிட்டுக்குள் நிற்கிறவருக்கு ஒரு விலை. 61ஆவது யூனிட் தொட்டால் முதல் யூனிட்டுக்கே வேறு விலை. ஆக, கடைசியாகச் செலவழிக்கிற யூனிட்தான் விலை கூடியது, சேமிக்கிற முதல் யூனிட்டும் அதுதான். அந்தப் பெப்ரவரி பில்லைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஹீட்டர் வயரைச் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இலங்கைக்குத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிற இடமே எங்கள் மலைதான். 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையம், அதற்குப் பிறகு காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. கோடையில் நீர் வற்றினால் கோயில் வெளியே தெரியும், ஆட்கள் போய்ச் சூடம் கொளுத்துவார்கள். எங்களுக்குப் பக்கத்தில் தலவாக்கலையில் 2012 முதல் மேல் கொத்மலை, 150 மெகாவாட். இவ்வளவுக்கும் நடுவில் இருந்துகொண்டு நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறோம். மழை பொய்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரியும் டீசலும்தான். அதன் விலை எங்கள் பில்லிலும் வரும்.

கம்பளி என்றதும் வகுப்பு ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு வருடமும் வெப்ப இடமாற்றப் பாடத்துக்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுப்பேன். ஒரு கையை மேசைப் பலகையில் வை, மறு கையை மேசையின் இரும்புக் காலில் வை. எது குளிர்? எல்லோரும் இரும்பு என்பார்கள். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பாகை. இரும்பு உங்கள் கைச்சூட்டை வேகமாகத் தின்கிறது, பலகை மெதுவாகத் தின்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். அடுத்த கேள்வி: கம்பளி சூடா? ஆமாம் என்பார்கள். கம்பளியை வெறும் கட்டிலில் போட்டு உள்ளே வெப்பமானியைச் சுற்றி வைத்தால் ஒரு பாகைகூட ஏறாது. கம்பளியிடம் சொந்தச் சூடு இல்லை. உன் சூட்டைப் போகவிடாமல் பிடிக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் கடத்திக்கு எதிர்ச்சொல் "காவலி". எனக்குப் பிடித்த சொல். காவல் காக்கிறது, உண்டாக்குவதில்லை.

இப்படி வருடா வருடம் சொல்லிக் கொடுத்த நான்தான் தலைக்கு மேலே வெறும் தகரத்தைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அசையாத காற்றைவிட இரும்பு ஏறத்தாழ 2,000 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு தகரம் இரவு வானத்தைப் பார்த்துக் கதிர்வீசியும் சூட்டை விடுகிறது. மேகம் இல்லாத இரவில் சுற்றியுள்ள காற்றைவிடவே கூடுதலாகக் குளிர்ந்துவிடும். காற்று 3, 4 பாகையில் இருக்கும்போதே புல்லில் பனி உறைவதும் இதனால்தான். அன்றைக்கு வானம் துடைத்துவைத்தாற்போல் இருந்ததற்கும் அம்மாவின் நெற்றியில் சொட்டு விழுந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் வேறு அதிகம். 15 பாகைக் காற்றில் 90 சதவீத ஈரப்பதன் இருந்தால், ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கினாலே நீராகப் பிரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 550 சதுர அடி என்றால் கிட்டத்தட்ட 51 சதுர மீற்றர். உள்ளே, வெளியைவிட 10 பாகை கூடுதலாக வைத்திருக்க வேண்டுமானால், வெறும் தகரக் கூரை வழியாக மட்டும் விநாடிக்கு விநாடி 3,500 வாட் அளவு போய்க்கொண்டிருக்கும். அதே கூரைக்குக் கீழே சீலிங் அடித்து, மேலே இரண்டு அங்குல ரிஜிபோம் (தெர்மோகோல் மாதிரி வெள்ளை நுரைத்தகடு) விரித்தால் 300 வாட்டுக்குக் குறையும். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூச்சியம் ஏதும் தவறிவிட்டதோ என்று வீட்டுக்காரரிடமும் காட்டினேன். சரிதான்.

ஹார்ட்வெயார் கடைக்குப் போனோம். அங்கே ஒரு மூலையில், ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும் மெல்லிய ஸ்பொஞ்ச் சுருள்கள் நின்றன. "இது என்ன விலை முதலாளி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "டீச்சர், இது கொழும்பு, நீர்கொழும்பு சூட்டுக்குப் போடுறது. நம்ம ஊருக்கு எதுக்கு? ஏற்கனவே குளிர்ல சாகுறோம்."

"பிளாஸ்க் வச்சிருக்கீங்களா முதலாளி?"

"வீட்டுல இருக்கு."

"அதுல தேத்தண்ணி சூடா இருக்குமா, ஐஸ்தண்ணி குளிரா இருக்குமா?"

"ரெண்டும்தான்" என்றவர் ஒரு நிமிடம் சுருளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விலை குறைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் போனபோது அந்தச் சுருள்கள் வாசலுக்கு வந்திருந்தன.

முதல் முயற்சி தோல்வி. அதை விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது காசு மிச்சமாகும். சீலிங் அடிக்கப் பணம் போதவில்லை, ஆகவே இந்தச் சுருளை மட்டும் வாங்கி, மாமாவைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னோம். மாமா மினுங்குகிற பக்கத்தை மேலே வைத்து, தகரத்தோடு ஒட்ட, இழுத்து ஆணி அடித்துவிட்டார். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் வெள்ளித்தாள் வேலை செய்வதே அதற்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான். கதிராக வருகிற சூட்டைத்தான் அது திருப்பி அனுப்பும். தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் ஓர் உலோகத் தகடு, கடத்திக்கொண்டு போய்விடும். எங்களுக்கு மிஞ்சியது நாலு மில்லிமீற்றர் ஸ்பொஞ்ச். ஒரு பாகை கூடியது. அதுவும் மூலைகளில் தளர்ந்து, தகரத்து வேர்வை தாளுக்கு மேலே ஓடி வந்து, ஒரே இடமாகச் சேர்ந்து குழாய் திறந்த மாதிரி ஒரு நாள் டீவி மேல் ஊற்றியது. டீவி பிழைத்துவிட்டது.

சித்திரை விடுமுறையில் இரண்டாவது முயற்சி. என் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி போனது. முதலில் சுருளைக் கழற்றி, கைமரத்துக்குக் கீழே இடைவெளி விட்டுத் திரும்ப அடித்தோம். பிறகு பீ.வீ.சீ. சீலிங். அதற்கு மேலே இரண்டு அங்குல ரிஜிபோம் தகடுகள், இடுக்கில்லாமல். ரிஜிபோம் என்பது பெரும்பாலும் காற்றுத்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு. காற்றை விலைகொடுத்து வாங்குகிறோம், அசையாமல் அடைத்துத் தருகிறார்கள் என்பதற்காக.

மாமா நல்லெண்ணத்தோடு இன்னொன்று செய்தார். மேலேயிருந்து சொட்டினால் ரிஜிபோம் நனையக் கூடாது என்று அதன் மேல் கறுப்பு பொலித்தீன் விரித்தார். மூன்று வாரத்தில் சீலிங்கில் மஞ்சள் கறை. ஏறிப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் பொலித்தீனுக்கு அடியில் தண்ணீர். வீட்டுக்குள்ளிருந்து லைட் போட்ட ஓட்டைகள் வழியாக ஏறிய ஆவி, பொலித்தீனில் முட்டி, வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டது. பொலித்தீன் சூடான பக்கம்தான் இருக்க வேண்டும். எங்களுக்கென்றால் ரிஜிபோமுக்குக் கீழே. மாற்றினோம். ஓட்டைகளைச் சிலிக்கனால் அடைத்தோம். சீலிங்குக்கு மேலே, சுவர் மட்டத்து இடைவெளியை மட்டும் அடைக்காமல் விட்டோம். அங்கே காற்று ஓடட்டும், தகரம் வேர்த்தாலும் காய்ந்துவிடும். எலி வராமல் கம்பி வலை அடித்தோம். அதற்குள் ஒரு குடும்பம் வந்து ரிஜிபோமைக் குடைந்து வெள்ளை வெள்ளையாகத் தூவி வைத்திருந்தது. எலிக்கும் தெரிந்திருக்கிறது, வீட்டில் எந்த இடம் கதகதப்பு என்று.

வயரிங் செய்ய வந்த தம்பி ஒரு விஷயம் சொன்னார், எனக்குப் புதிது. கரண்ட் வயர் ரிஜிபோமைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது. வயரின் மேல்தோலை வளைந்துகொடுக்க வைக்கிற பொருளை ரிஜிபோம் உறிஞ்சிவிடும், நாளானால் தோல் வெடிக்கும். எல்லா வயரையும் குழாய்க்குள் போட்டுத் தந்தார். ரிஜிபோம் எளிதில் எரியும், நச்சுப்புகை விடும். ஆகவே பின்பக்க விறகடுப்பு, புகைக்கூண்டுப் பக்கம் நாங்கள் அதைக் கொண்டுபோகவே இல்லை. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் இன்னும் கவனம். அதைத் துளைக்கவோ அறுக்கவோ போகாதீர்கள், அந்தத் தூசி புற்றுநோய்க்குக் காரணம். தொடாமல், கீழே தனிச் சட்டம் கட்டிச் சீலிங் அடிப்பதுதான் வழி.

இன்னொன்று, இதை எழுதாமல் விடக் கூடாது. வீட்டை இறுக்கி அடைக்கிற உற்சாகத்தில் மூச்சுக்கு வழி அடைத்துவிடாதீர்கள். குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிற பழக்கம் மலையில் இன்னும் உண்டு. கரியிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். எங்கள் குசினி ஜன்னலின் மேல் தட்டு எப்போதும் திறந்தேதான் இருக்கும். அதனால் போகிற சூடு போகட்டும்.

சுவருக்கு ஒன்றும் செய்யவில்லை, காசு இல்லை. வடக்குச் சுவரில் ஒட்டியிருந்த அலுமாரியை நாலு அங்குலம் தள்ளி வைத்ததோடு சரி. பின்னால் பூஞ்சணம் பிடிப்பது நின்றது. டைல்ஸ் மேல் பழைய சாக்குப் பாய்களை விரித்தோம். விருந்தாளி வந்தால் சுருட்டி வைப்பேன், அம்மா திரும்ப விரிப்பார். எனக்கு இன்றுவரை அந்த வெள்ளை டைல்ஸ் மேல் கொஞ்சம் பாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

2024 தையில் திரும்ப ஒரு வாரம் குறித்தேன். வெளியே அதே 9 பாகை. உள்ளே 15. கம்பளி இரண்டு ஒன்றானது. மாதம் 170 யூனிட் பக்கம் போய்க்கொண்டிருந்த குளிர்கால பில் 80 சொச்சத்துக்கு வந்தது. ஹீட்டரை அந்த வருடம் இறக்கியது மொத்தம் ஒன்பது நாள். கால் மணித்தியாலத்தில் ஆறிவிடுகிற அறை இப்போது விடியும்வரை கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கிறது. அறுபதுக்குள் வரவில்லை, அதற்குக் குளியலறை ஹீட்டர் விடாது. என் மகளின் குளியல் நேரத்துக்கு எந்தக் காவலியும் கிடையாது.

எதிர்பாராதது ஒன்று, பங்குனி வெயில். தகரம் காய்கிற நடுப்பகலில் முன்பெல்லாம் வீட்டுக்குள் தலை கொதிக்கும். இப்போது இல்லை. கடை முதலாளி சொன்ன கொழும்புச் சமாச்சாரமும் இலவசமாக வந்து சேர்ந்தது. மழையின் இரைச்சலும் பாதியாகிவிட்டது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மழை பெய்கிறதா இல்லையா என்றே தெரியமாட்டேன் என்கிறதாம், காயப்போட்ட உடுப்பு நனைந்துவிடுகிறதாம்.

முன்கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளி இன்னும் இருக்கிறது. ரப்பர் பட்டி வாங்கி அடிக்கலாம் என்று இரண்டு முறை அளவெடுத்தேன். அம்மா என்னுடைய பழைய சேலை ஒன்றை உருட்டி, இரண்டு முனையும் முடிந்து, உள்ளே கொஞ்சம் மரத்தூள் அடைத்துக் கதவடியில் போட்டிருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குக் காலால் தள்ளிச் சரி செய்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

"ரப்பர் வாங்கிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டால், "அது கெடக்கு, நீ வாசக் கதவச் சாத்திட்டு உள்ள வா மொதல்ல" என்கிறார்.